பாலக்காட்டு எல்லையில் அரூப ஓவியம் வரைந்து விற்பது: ஆசாரி முதல் ஆடிட்டர் வரை

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கும், வீட்டுச் சண்டை தமிழில் நடக்கும். மேற்கே போனால் பாலக்காடு, கிழக்கே வேலந்தாவளம் தாண்டினால் கோவை. பதினேழு வருஷமாக அரூப ஓவியம் வரைகிறேன், அதாவது ஆள், மரம் என்று உருவம் எதுவும் இல்லாமல் நிறமும் கோடுமாக வரைவது. அதில் பதினோரு வருஷமாகத்தான் விற்கிறேன். முதல் ஆறு வருஷத்தில் நான் செய்த தப்புகளைத் திருப்பிப் போட்டால் கிடைப்பதுதான் கீழே வருவதெல்லாம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் அனுபவத்தில் அரூப ஓவியத்தை நின்று பார்ப்பவர்கள் கேரளத்தில் அதிகம், காசு கொடுத்து வாங்கி வீட்டில் மாட்டுபவர்கள் கோவையில் அதிகம். இரண்டையும் ஒரே ஊரில் எதிர்பார்த்துத்தான் நான் ஏமாந்தேன். எல்லையில் இருப்பவருக்கு இரண்டு பக்கமும் ஒரு மணி நேரத் தூரம்தான். அந்த வசதியைப் பயன்படுத்தத் தெரிந்தால் போதும்.

வேலையை விடாதீர்கள்

அச்சுதன் கூடல்லூர் 1945இல் பிறந்தவர், நம் பாலக்காடு மாவட்டத்துக் கூடல்லூர்க்காரர். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆற்றுத் தண்ணீர் பாரதப்புழையில் கலந்து அவர் ஊரைத் தாண்டித்தான் கடலுக்குப் போகிறது. சென்னையில் பொதுப்பணித்துறையில் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டே மெட்ராஸ் ஆர்ட் கிளப்பில் வரைந்து பழகி, நாடறிந்த அரூப ஓவியரானவர். 1988இல் மத்திய அரசின் கலை அமைப்பான லலித் கலா அகாடமியின் தேசிய விருது வாங்கினார், 2022இல் காலமானார். கோவையில் 1911இல் பிறந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, அங்கிருந்தவர்கள் பாத்திக் துணி மாதிரி கைவினைப் பொருட்களை விற்றுத்தான் தங்களை நிலைநிறுத்திக்கொண்டார்கள். ஓவியத்தை மட்டும் நம்பி அவர்களே இறங்கவில்லை.

நான் ஒரு பள்ளியில் வாரம் மூன்று நாள் ஓவிய வகுப்பு எடுக்கிறேன். கரன்ட் பில்லும் பெயின்ட் செலவும் அதில் ஓடிவிடும். படம் விற்ற பணத்தில் அடுத்த கண்காட்சி நடக்கும். இப்படிப் பிரித்து வைத்ததற்கு அப்புறம்தான், கையில் காசில்லாத மாதத்தில் பாதி விலைக்குப் படத்தைத் தூக்கிக் கொடுக்கும் பழக்கம் நின்றது.

இடமும் காற்றும்

அப்பாவின் கடலைக்காய்க் குடோன்தான் என் வேலை செய்யும் இடம். வடக்குப் பக்கம் கூரையில் ஆறு கண்ணாடி ஓடு பதித்தேன். வடக்கு வெளிச்சம் நாள் முழுக்க அதிகம் மாறாது, நிறம் ஏமாற்றாது. டியூப் லைட்டை மட்டும் நம்பி வரைந்த நீலம், கண்காட்சி விளக்கில் பச்சையாக முழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

நம் பக்கத்துக்கென்று ஒரு தொல்லை உண்டு: பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கிற அடியில் ஈரப் பெயின்ட்டில் மண் வந்து ஒட்டும். அதே காற்று கார்த்திகைக்கு அப்புறம் கிழக்கிலிருந்து வறட்சியாக அடிக்கும். அக்ரிலிக் பெயின்ட் தட்டிலேயே காய்ந்துபோகும். அதனால் பெரிய படங்களின் அடித்தளப் பூச்சை மாசி, பங்குனியில் முடித்துவிடுவேன். ஆனி, ஆடியில் காகிதத்தில் சின்ன வேலைகள்தான். குளிர்காலத்தில் தட்டின் மேல் ஈரத்துணி போட்டு வைப்பேன். மழைக்காலத்தில் படங்களைச் சுவரோடு ஒட்டிச் சாய்க்காதீர்கள். இரண்டு கட்டை போட்டுத் தரையிலிருந்து உயர்த்தி, பின்னால் காற்று போக இடம் விட்டு வையுங்கள். இல்லாவிட்டால் கேன்வாஸின் பின்பக்கம் பூஞ்சை பூக்கும்.

ஆசாரி

கடையில் விற்கும் ரெடிமேட் கேன்வாஸ் 2 அடி வரைக்கும் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். உள்ளூர் ஆசாரியிடம் அடிக்கச் சொல்லுங்கள், ஆனால் நான்கு விஷயத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். கேன்வாஸ் படும் பக்கத்தில் சட்டத்தின் உள்விளிம்பைச் சரிவாகச் சீவ வேண்டும். சீவாவிட்டால் தூரிகை அழுத்தத்தில் கேன்வாஸ் அந்த விளிம்பில் பட்டுப் படத்தைச் சுற்றி ஒரு கோடு விழும். அந்தக் கோடு அப்புறம் போகவே போகாது. 3 அடிக்கு மேல் எந்தப் பக்கம் இருந்தாலும் குறுக்குக் கட்டை வேண்டும். மூலைகளில் ஆணியடித்து மூடிவிடாமல், ஆப்பு வைக்கிற மாதிரிப் பொருத்த வேண்டும். மழைக்கும் வெயிலுக்கும் கேன்வாஸ் தொய்ந்து இறுகும். தொய்ந்த படத்தின் நான்கு மூலை ஆப்பையும் சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினால் மத்தளம் மாதிரி இறுகிவிடும்.

எங்கள் ஆசாரி அண்ணனுக்கு இதெல்லாம் ஒரே நாளில் புரிந்துவிட்டது. படம்தான் இன்னும் புரியவில்லை. ஒரு சட்டம் கோணலாக இருக்கிறது என்று திருப்பி எடுத்துப் போனேன். மூலைமட்டத்தை வைத்துக் காட்டினார்: "ஏனம்மிணி, நாலு மூலையும் நேராத்தான் இருக்குது. நீ மேல போட்டிருக்கறதுதான் கோணலு." பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. நான் போட்ட ஒரு சாய்ந்த பட்டை சட்டத்தையே சாய்த்துக் காட்டியிருந்தது. அதைவிட நல்ல பாராட்டு எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

எத்தனை படம் சேர்ந்ததும் வெளியே வருவது?

இருபது. ஐம்பது வரைந்து அதில் இருபது தேற வேண்டும். இருபதையும் ஒரே சுவரில் சாய்த்து வைத்துப் பாருங்கள். ஒரே ஆள் வரைந்த மாதிரித் தெரிகிறதா? ஒன்றில் உருளையால் உருட்டியது, இன்னொன்றில் கத்தியால் இழுத்தது, மூன்றாவதில் பொன்னிறத் தாள் ஒட்டியது என்று இருந்தால் இன்னும் ஒரு வருஷம் பொறுங்கள். என் படங்கள் ஏறக்குறைய எல்லாமே கறுப்பும் காய்ந்த மஞ்சளும்தான். கேரளத்தில் கரிசல் மண் இருப்பது சித்தூர்த் தாலுகாவில் மட்டும்தான். சின்ன வயதிலிருந்து வெடித்த கரிசலைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு வேறு நிறம் ஏறவில்லை. இதைத் திட்டம் போட்டுச் செய்யவில்லை, ஆனால் விற்பதற்கு இது உதவியது. "அந்தக் கறுப்புப் படம் வரையற அம்மா" என்று கோவையில் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்.

படத்தின் பின்பக்கம்

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு எண். 2023இல் வரைந்த ஏழாவது படம் என்றால் 23-07. கேன்வாஸின் பின்னால் பெயர், எண், வருஷம், அளவு, ஊடகம் (அக்ரிலிக்கா, எண்ணெய் வண்ணமா என்பது) எல்லாம் எழுதுங்கள். அப்புறம் மேல் பக்கம் எது என்று ஒரு அம்புக்குறி. மாடு, மனிதன் வரைகிறவர்களுக்கு இது தேவையில்லை. நமக்குத் தேவை. என் இரண்டாவது கண்காட்சியில் ஒரு படத்தைக் கூடத்துப் பணியாளர் தலைகீழாக மாட்டிவிட்டார். மூன்றாம் நாள்தான் நானே கவனித்தேன். அதைவிடக் கொடுமை, அப்படி மாட்டியதுதான் நன்றாக இருந்தது. அம்புக்குறியை அழித்துத் திருப்பிப் போட்டேன்.

அதே எண்ணை ஒரு நீள நோட்டில் எழுதி, படம் இப்போது எங்கே இருக்கிறது, யாரிடம் என்ன விலைக்குப் போனது என்று குறித்து வையுங்கள். வாங்கியவரின் போன் நம்பரும் அதில் இருக்கட்டும். அடுத்த கண்காட்சிக்கு முதல் அழைப்பு அவருக்குத்தான்.

போட்டோவுக்குப் பெரிய கேமரா வேண்டாம், செல்போன் போதும். மேகம் மூடிய நாளில் திண்ணையில், நேர் வெயில் படாமல், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். படத்துக்குப் பக்கத்தில் போய் எடுத்தால் ஓரங்கள் வளையும். பத்தடி பின்னால் நின்று இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுத்தால் சட்டம் நேராக நிற்கும். முழுப் படம் ஒன்று, கையகலம் நெருங்கி எடுத்தது ஒன்று, ஒரு ஆள் பக்கத்தில் நிற்பது ஒன்று. இந்த மூன்றாவது போட்டோ இல்லாமல் வாட்ஸ்அப்பில் அனுப்பி, "நான் பெருசுன்னு நெனச்சேன்" என்று ஒரு விற்பனையை இழந்தேன்.

விலை

இங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறோம். "நீங்களே பார்த்துக் கொடுங்க" என்று சொல்லவே சொல்லாதீர்கள். வாங்குகிறவர் அதைப் பணிவு என்று நினைக்க மாட்டார், இந்தம்மாவுக்கே விலை தெரியவில்லை என்றுதான் நினைப்பார்.

சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்று வைப்பது பலரின் வழக்கம். 15 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 12க்கு 12 அங்குலப் படம் 2,160 ரூபாய் வரும். 24க்கு 30 படம் 10,800. 48க்கு 60 படம் 43,200. சின்னப் படத்தில் கூலியே தேறாது, பெரிய படம் யார் கைக்கும் எட்டாது. நான் நீளத்தையும் உயரத்தையும் கூட்டிப் பெருக்குகிறேன். அங்குலத்துக்கு 250 என்றால் அதே மூன்று படங்களும் 6,000, 13,500, 27,000 என்று வரும். ஏணிப்படி சீராக இருக்கிறது பாருங்கள். சின்னப் படம் வாங்கியவர் அடுத்த வருஷம் நடுத்தரப் படத்துக்கு வருவதற்கும் வழி இருக்கிறது.

இப்போது அந்த 13,500 ரூபாய் படத்தைப் பிரித்துப் பார்ப்போம். கேலரிகள் 30 முதல் 50 சதவீதம் வரை கமிஷன் எடுக்கும். 40 என்று வைத்தால் 5,400 போய் 8,100 மிச்சம். சட்டம், கேன்வாஸ், பெயின்ட் எல்லாம் சேர்த்து எனக்கு 1,800 ஆகிறது. 6,300 நிற்கும். ஐந்து நாள் வேலை என்றால் நாளுக்கு 1,260 ரூபாய், கிட்டத்தட்ட எங்கள் ஊர்க் கொத்தனார் கூலி. கொத்தனாருக்கு வேலை முடிந்த சனிக்கிழமையே கூலி கிடைக்கும், நமக்கு அடுத்த வருஷம் கிடைக்கலாம். அதனால் கமிஷன் போக என்ன நிற்கும் என்று கணக்குப் போட்ட பிறகுதான் அங்குல விலையை முடிவு செய்ய வேண்டும்.

வீட்டுக்கு வந்து வாங்கினாலும் கேலரி விலைதான் சொல்ல வேண்டும். "நேரா வந்தா கம்மியாக் கொடுப்பாங்க" என்ற பேச்சு ஒரு கேலரி காதில் விழுந்தால் அந்தக் கதவு மூடிவிடும். வருஷம் ஒருமுறை, படங்கள் விற்றிருந்தால் மட்டும், பத்து சதவீதம் ஏற்றுங்கள். ஒருமுறை ஏற்றிய விலையை இறக்க முடியாது. போன வருஷம் வாங்கியவர் முகத்தில் விழிக்க வேண்டும் அல்லவா?

அரூப ஓவியர் வி.எஸ். காய்தோண்டேயின் படம் 2013இல் மும்பை ஏலத்தில் 23.7 கோடிக்குப் போன செய்தியை யாராவது உங்களுக்கு அனுப்பினால் படித்துவிட்டு விட்டுவிடுங்கள். அது வேறு சந்தை.

எங்கே காட்டுவது

கேரளப் பக்கம் முதலில் தட்ட வேண்டிய கதவு கேரள லலிதகலா அகாடமி. 1962இல் தொடங்கியது, தலைமையிடம் திருச்சூர். பாலக்காட்டிலும் எர்ணாகுளம் தர்பார் ஹாலிலும் அதற்குக் கலைக்கூடங்கள் உண்டு. வருஷந்தோறும் மாநிலக் கண்காட்சிக்குப் படம் கேட்பார்கள், தனிநபர் கண்காட்சிக்கு உதவித்தொகைத் திட்டமும் உண்டு. அறிவிப்பு மலையாளத்தில் வரும். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த எங்களைப் போன்றவர்களுக்கு அதுவே பாதித் தடை. யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கடைசித் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். எல்லைக்கு அந்தப்புறம் இருப்பவர்களுக்குத் தமிழ்நாடு ஓவிய நுண்கலைக் குழு இருக்கிறது. டில்லி லலித் கலா அகாடமியின் சென்னை மண்டல மையம் கிரீம்ஸ் சாலையில் இருக்கிறது. அதற்கு எந்த மாநிலம் என்பது பொருட்டில்லை.

கொச்சி முசிறி பியனாலே, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை என்று நடக்கும் கலைவிழா, 2012 டிசம்பர் 12இல் தொடங்கியது. பியனாலே நடக்கும் மாதங்களில் ஃபோர்ட் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் பழைய குடோன், காப்பிக்கடை, வீட்டு முன்னறை என்று எங்கு பார்த்தாலும் தனித்தனிக் கண்காட்சி நடக்கும். உங்கள் படத்தைப் பியனாலே எடுக்காவிட்டாலும் அந்தக் கூட்டம் உங்கள் படத்தைப் பார்க்கும். நாலு பேர் சேர்ந்து ஒரு அறையைப் பதினைந்து நாள் வாடகைக்குப் பிடித்தோம். ஒரே ஒரு காகிதப் படம்தான் விற்றது. ஆனால் அங்கே பார்த்துவிட்டுப் போன ஒரு கட்டடக்கலைஞர், ஏழு மாதம் கழித்துக் கோவையிலிருந்து கூப்பிட்டார். கேரளத்தில் காட்டினால் கோவையில் விற்கும் என்று நான் சொல்வது இதைத்தான்.

கோவையில் அவினாசி சாலை கஸ்தூரி சீனிவாசன் அறக்கட்டளையின் கலைக்கூடம் பழகிய இடம். கோயம்புத்தூர் விழாவில் நடக்கும் ஆர்ட் ஸ்ட்ரீட்டுக்குச் சின்னப் படங்களை மட்டும் எடுத்துப் போங்கள். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு வருகிற கூட்டம் அது, 4 அடிப் படத்தைத் தூக்கிக்கொண்டு போகாது.

எப்போது காட்டுவது என்பதும் முக்கியம். கோவைக்காரர்கள் படம் வாங்குவது பெரும்பாலும் புது வீட்டுக்கு. ஆடியிலும் மார்கழியிலும் கிரகப்பிரவேசம் கிடையாது; தையிலும் ஆவணியிலும் வரிசையாக வரும். இன்டீரியர் வேலை பார்ப்பவர்கள் அதற்கு இரண்டு மாதம் முன்னால் சுவருக்குப் படம் தேடுவார்கள். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் கண்காட்சி வைத்தால் தைக்கு விற்கும். ஆனியில் வைத்தால் ஆவணிக்கு. நமக்கு ஆவணி என்பது மலையாளிகளுக்குச் சிங்ஙம், ஓணம் போனஸ் கையில் இருக்கும் மாதம். இந்தக் கணக்கை எந்தக் கலைக்கல்லூரியிலும் சொல்லித்தர மாட்டார்கள். எனக்குச் சொன்னது ஒரு டைல்ஸ் கடைக்காரர்.

மாட்டுவதும் அருகில் நிற்பதும்

கூடத்தை முன்பதிவு செய்யும்போதே சுவரின் மொத்த நீளத்தைக் கேளுங்கள். 60 அடி என்றால், 3 அடிப் படத்துக்கு 2 அடி இடைவெளி விட்டுப் பன்னிரண்டு படம். பதினாறு படத்தைத் திணித்தால் மளிகைக்கடை காலண்டர் மாட்டிய மாதிரி ஆகிவிடும். படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குல உயரத்தில் இருக்கட்டும். பின்னால் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் இருபுறமும் வளையம் திருகிக் கம்பி கட்டுங்கள். ஒரு டப்பாவில் சுத்தியல், ஆணி, ரசமட்டம், பென்சில், கூடுதல் வளையம், கொஞ்சம் அதே கறுப்புப் பெயின்ட் எடுத்துப் போங்கள். ஏதாவது ஒரு மூலை உரசியே தீரும்.

படத்துக்குப் பக்கத்தில் ஒட்டும் சீட்டில் தலைப்பு, ஊடகம், அளவு, வருஷம். பாலக்காட்டில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதுவேன். எல்லாப் படத்துக்கும் 'பெயரிடப்படாதது' என்று போடாதீர்கள், பில் போடும்போது உங்களுக்கே குழப்பம் வரும். 'மூலத்தறை, மதியம்' என்று ஒரு படத்துக்கு வைத்தேன். மூலத்தறை அணைக்கட்டைப் பார்த்தவர்கள் எல்லோரும் அந்தப் படத்தின் முன்னால் இரண்டு நிமிஷம் கூடுதலாக நின்றார்கள். நுழைவாயிலில் வைக்கும் குறிப்பு பத்து வரிக்கு மேல் வேண்டாம். அதில் ஆன்மா, பிரபஞ்சம், மௌனம் என்ற மூன்று சொற்களும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பார்க்க வந்தவரிடம் ஓடிப்போய் விளக்காதீர்கள். இதை நான் கற்றுக்கொண்டது வடகரப்பதியிலிருந்து வந்த ஒரு பெரியவரிடம். பாலக்காட்டுக் கண்காட்சிக்கு மகளுடைய வேறு ஏதோ வேலையாக வந்தவர், மழைக்கு உள்ளே ஒதுங்கினார். வேட்டியை மடித்துக் கட்டியபடியே 19-11க்கு முன்னால் நின்றார். 4 அடிக்கு 5 அடி, முழுக்கக் கறுப்பு, கீழிருந்து மேலே ஒரு சாம்பல் ஈரம் ஏறும் படம். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு வலது மேல் மூலையைக் கையால் காட்டினார். "அம்மிணி, இந்த மூலைக்குத் தண்ணி ஏறலியே." ஆழியாற்றுத் தண்ணீருக்கு வருஷம் முழுக்கக் காத்திருக்கும் ஊர்க்காரர். அந்த மூலையில் எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது, அவரிடம் சொல்லவில்லை. 'ஆமாங்க' என்று மட்டும் சொன்னேன். நான் முந்திக்கொண்டு வெளி, வண்ணம் என்று பேசியிருந்தால் அவர் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்.

வாங்குகிறவரோடு பேசுவது

கோவையில் கேள்விகள் வேறு. "ஏனுங்க, இதுல கறுப்புக் கொஞ்சம் கம்மியா ஒண்ணு இருக்குங்களா?" "எந்தத் திசைச் சுவத்துல மாட்டறதுங்க?" "கடைசி ரேட் சொல்லுங்க." மூன்றுக்கும் கோபப்படக் கூடாது. சோபாவின் நிறத்துக்குப் படம் தேடுவதில் என்ன தப்பு? அவர்கள்தான் தினமும் அந்த சோபாவில் உட்காரப் போகிறார்கள். திசை பற்றிக் கேட்டால், நேர் வெயில் படாத சுவராகப் பாருங்கள் என்று சொல்வேன். அது உண்மையும் கூட. விலையில் பத்து சதவீதம் வரை குறைப்பேன், இரண்டு படம் எடுத்தால் மட்டும். மூன்று தவணை கேட்டால் சரி என்பேன், ஆனால் முதல் தவணை கைக்கு வந்த பிறகே படம் போகும்.

"வீட்டுல மாட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்பவர்களை விரட்டாதீர்கள். கால் பங்கு முன்பணம் வாங்கிக்கொண்டு, மூன்று நாள் என்று எழுதி, நீங்களே போய் மாட்டிவிட்டு வாருங்கள். எனக்கு அப்படிப் போன எட்டுப் படத்தில் இரண்டுதான் திரும்பி வந்தன. மூன்று நாள் சுவரில் இருந்த படத்தைக் கழற்றினால் அந்த இடம் வெறிச்சென்று ஆகிவிடும்.

சொல்லி வரையச் சொன்னால், பாதிப் பணம் முன்னால். நிறத்தைக் கேட்கலாம், அளவைக் கேட்கலாம். பாதியில் வந்து பார்ப்பது ஒருமுறைக்கு மேல் கிடையாது.

எல்லை தாண்டுவது

ஒரு சித்திரை மாதம் எட்டு அக்ரிலிக் படங்களைப் பபிள் ரேப்பில் இறுக்கச் சுற்றி, குட்டியானையில் ஏற்றிக் கொச்சிக்கு அனுப்பினேன். தார்ப்பாய்க்கு அடியில் அரை நாள் வெயில். பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு கறுப்புப் பரப்பிலும் வரிசை வரிசையாகச் சின்ன வட்டங்கள், அம்மை போட்ட மாதிரி. அக்ரிலிக் சூட்டில் இளகும், எது பட்டாலும் அச்சு விழும். யாரைத் திட்டுவது? சுற்றியது நான்தான். இப்போது முதலில் கிளாசின் பேப்பர் (வழவழப்பான மெல்லிய தாள்), அதன் மேல் பழைய வேட்டித் துணி, அப்புறம்தான் பபிள் ரேப், அதுவும் குமிழ் வெளிப்பக்கம் பார்க்க. மூலைகளுக்குத் தெர்மாகோல். படங்களை முகத்தோடு முகம் சேர்த்துச் செங்குத்தாக நிறுத்தி, நடுவில் அட்டை. படுக்க வைத்து அடுக்கவே கூடாது. ரொம்பப் பெரிய படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டுவதானால், பெயின்ட் வெளிப்பக்கம் இருக்கும்படி 6 அங்குலத்துக்குக் குறையாத பிவிசி குழாயின் மேல் சுருட்டுங்கள். உள்பக்கம் சுருட்டினால் பெயின்ட் மடிந்து வெடிக்கும்.

இனி வரி. 2025 செப்டம்பர் 22 முதல் கையால் வரைந்த ஓவியத்துக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்றால், ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டாதவரை தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பதிவு தேவையில்லை. நம்மில் பெரும்பாலோருக்கு அந்தக் கவலையே வராது. ஆனால் மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு விற்றால் தொகை எவ்வளவு என்று பார்க்காமல் பதிவு கட்டாயம் என்பது பொது விதி. கைவினைப் பொருட்களுக்கு 20 லட்சம் வரை இதில் விலக்கு உண்டு, அந்தப் பட்டியலில் கையால் வரைந்த ஓவியமும் இருக்கிறது. அதற்குப் பான் எண் வேண்டும், எவ்வளவு சின்னத் தொகையாக இருந்தாலும் இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கும் சீட்டு) போட வேண்டும். உங்கள் படம் இந்த விலக்குக்குள் வருகிறதா என்று முதல் கண்காட்சிக்கு முன்பே ஒரு ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். விற்பனைக்கு இல்லாமல் காட்டுவதற்கு மட்டும் எடுத்துப் போகும் படங்களுக்கு டெலிவரி சலான் ஒன்று எழுதி வண்டியில் வையுங்கள்: படத்தின் எண், அளவு, விலை, எங்கிருந்து எங்கே. வேலந்தாவளத்திலோ வாளையாறிலோ யாராவது வண்டியை நிறுத்தினால், "இதென்ன பலகையா?" என்ற கேள்விக்கு அந்தக் காகிதம்தான் பதில் சொல்லும்.

கையெழுத்தில்லாமல் படம் கொடுக்காதீர்கள்

ஒரு விடுதிக்கு அலங்காரம் செய்பவர் ஆறு படங்களை 'வைத்து விற்றுத் தருகிறேன்' என்று எடுத்துப் போனார். நானும் ஒரு தேநீர் குடித்துவிட்டு, சரி என்று அனுப்பிவிட்டேன். பதினான்கு மாதம் கழித்து நான்கு படம் பூஞ்சையோடு திரும்பியது. ஒன்றைக் காணோம். ஒன்று விடுதியில் இன்னும் மாட்டியிருக்கிறது, பணம் வரவில்லை. கேட்டால், அது எங்களுக்குப் பரிசாகக் கொடுத்தது அல்லவா என்கிறார்கள்.

ஒரு பக்கம் போதும்: எந்தெந்தப் படம், என்ன விலை, கமிஷன் எத்தனை சதவீதம், எத்தனை மாதம், விற்றால் எத்தனை நாளில் பணம், சேதமானால் யார் பொறுப்பு, திரும்பக் கொண்டுவரும் செலவு யாருடையது. இரண்டு பிரதி, இரண்டிலும் இரண்டு கையெழுத்து. காகிதம் நீட்டியதும் முகம் சுளிப்பவருக்குப் படம் கொடுக்க வேண்டாம்.

காப்புரிமை (காப்பிரைட்) பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, நீங்களாக வரைந்து விற்ற படத்தின் காப்புரிமை உங்களிடமே இருக்கும். வாங்கியவர் சுவரில் மாட்டலாம், வேறு ஒருவருக்கு விற்கலாம், ஆனால் புடவையிலோ காப்பிக் கோப்பையிலோ அச்சடிக்க முடியாது. அதே சமயம், ஒருவர் பணம் கொடுத்துச் சொல்லி வரைந்த படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் காப்புரிமை அவருக்குத்தான். அதனால் சொல்லி வரையும் வேலைக்குப் பில்லிலேயே 'காப்புரிமை ஓவியரிடம்' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவேன்.

திரும்பி வந்த படங்கள்

நல்ல கண்காட்சி என்றாலும் பாதிக்கு மேல் வீட்டுக்குத்தான் திரும்பும். வந்த அன்றே பிரித்துவிடுங்கள். கட்டிய கட்டோடு மூலையில் வைத்தால் அது அடுத்த மழை வரை அங்கேயே கிடக்கும். காய்ந்த மென்தூரிகையால் தூசி தட்டி, பின்பக்கம் பூஞ்சை பார்த்து, ஆப்பு இறுக்கி, நோட்டில் 'குடோன்' என்று குறித்துச் சுவரைப் பார்க்கத் திருப்பி வையுங்கள். ஆறு மாதம் கழித்துத் திருப்பிப் பார்க்கும்போது பிடிக்காமல் போன படத்துக்கு மேலேயே அடித்தளம் பூசிப் புதிதாக ஆரம்பிக்கலாம். அக்ரிலிக்கில் அது சுலபம். எண்ணெய் வண்ணத்தின் மேல் அக்ரிலிக் பூச்சு சரியாகப் பிடிக்காது, புதுக் கேன்வாஸ் இழுப்பதே மேல்.

19-11ஐ மூன்று கண்காட்சிக்குக் கொண்டு போய்விட்டேன். மூலையைத் தொடவில்லை, படமும் இன்னும் விற்கவில்லை. 108 அங்குலம், இந்த வருஷக் கணக்கில் 27,000 ரூபாய்.